மீன் விடுவதா, ஆறு காப்பதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மிச்சிகன் மாநிலத்தில், ஓசாபிள் என்னும் ஆற்றங்கரையில், கிரேலிங் என்றோர் ஊர் உளது. ஊருக்கு அப்பெயர் வந்தது ஒரு மீனால். பாய் விரித்தாற் போன்று உயர்ந்த முதுகுத் துடுப்புடைய கிரேலிங் மீன் ஒரு காலத்தில் அவ்வாற்றில் திரள் திரளாய் வாழ்ந்தது. இன்று ஊர் இருக்கிறது; ஆறு இருக்கிறது; பெயர்ப்பலகையில் மீனின் பெயரும் இருக்கிறது; மீன் மட்டும் அங்கே இல்லை. அது வாழ்ந்த நாளில் மக்கள் மகிழ்ந்து வைத்த பெயர், அது மறைந்த பின் அதற்கே நடுகல்லாகி நிற்கின்றது.

அம்மீன் எவ்வாறு மறைந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் தேவதாருக் காடுகளை மர வணிகர் வெட்டிச் சாய்த்தனர். வெட்டிய மரங்களை இளவேனிற்கால வெள்ளத்திலே மிதக்க விட்டு ஆற்று வழியே ஆலைகளுக்கு அனுப்பினர். கிரேலிங் முட்டையிடும் பருவமும் அவ்விளவேனிலே. உருண்டு புரண்டு சென்ற மரங்கள் ஆற்றடிக் கூழாங்கற்களை உழுது, அவற்றினிடையே கிடந்த முட்டைகளை நசுக்கின. கரையில் நிழல் ஒழிந்தமையால் நீர் சூடேறிற்று. வேர்ப்பிடிப்பு ஒழிந்தமையால் மணல் சரிந்து ஆற்றில் வீழ்ந்தது. போதாக்குறைக்குத் தூண்டிற்காரர் வந்து வரைமுறையின்றிப் பிடித்தனர். பிடித்தவற்றை ரயிலேற்றி நகரங்களுக்கு அனுப்பினர். ஏறத்தாழ 1936-ஆம் ஆண்டளவில் அம்மாநிலம் முழுவதிலும் கிரேலிங் இனம் அற்றுப்போயிற்று.

இழப்பைக் கண்ட மக்கள் வாளா இருந்தாரில்லை. ஆற்றில் மீன் இல்லையென்றால் மீனைக் கொண்டுவந்து விடுவோம் என்று துணிந்தனர். கிரேலிங் அழியத் தொடங்கிய நாளிலேயே இவ்வேலையும் தொடங்கிவிட்டது. 1883-இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட் மீனின் முட்டைகள் கப்பலேறி அமெரிக்கா வந்தன. 1884-இல் அவற்றிற் பிறந்த குஞ்சுகளை இதே மிச்சிகனில் பியர் மார்க்கெட் ஆற்றின் கிளையொன்றில் விட்டனர். நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து ஓடை டிரவுட்டும், மேலைக் கடற்கரைப் பகுதியிலிருந்து வானவில் டிரவுட்டும் கொணரப்பட்டன. குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் எழுந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இம்முறை ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பண்ணைத் தொட்டிகளிலே தீனியிட்டு, சட்டப்படி பிடிக்கத் தகுந்த அளவுக்கு மீனை வளர்ப்பார்கள். தூண்டிற் பருவம் தொடங்கும் தறுவாயில் லாரிகளில் ஏற்றி வந்து பாலத்தடியிலே கொட்டுவார்கள். சில வாரங்களில் அவை பிடிபட்டுத் தீரும். மீண்டும் லாரி வரும். இதில் வருத்தப்பட்டவர் யார்? தூண்டிற்காரருக்கு மீன் கிடைத்தது. கடைக்காரருக்கு வியாபாரம் கிடைத்தது. அதிகாரிகளுக்கு அறிக்கையில் எழுத இத்தனை ஆயிரம் மீன் விட்டோம் என்ற எண்ணிக்கை கிடைத்தது. எல்லாரும் மகிழ்ந்திருக்கும் ஓர் ஏற்பாட்டைக் குறை கூறுவோன் பித்தனாகத்தான் இருத்தல் வேண்டும்.

அத்தகைய பித்தர் 16 பேர் 1959-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓசாபிள் ஆற்றங்கரையில் ஜார்ஜ் கிரிஃபித் என்பவர் வீட்டிலே கூடினர். அனைவரும் தூண்டிற்காரர். அன்று அவர்கள் அமைத்த சங்கமே டிரவுட் அன்லிமிடெட். இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகளும் இலட்சக்கணக்கான உறுப்பினரும் ஆதரவாளரும் அதற்கு உண்டு.

மீன்பிடிப்போர் சங்கம் கூட்டினால் அரசாங்கத்திடம் என்ன கேட்பார்கள் என்று நாம் எண்ணுவோம்? 'இன்னும் மீன் விடுங்கள். பெரிய மீனாக விடுங்கள்' என்றுதானே? அவர்கள் கேட்டதோ அதற்கு நேர்மாறு. பிடிக்கும் அளவுக்கு வளர்த்த பண்ணை மீனை ஆற்றிற் கொட்டுவதை நிறுத்துங்கள் என்றனர். ஆற்றைச் சீர்செய்யுங்கள், மீன் தானே பிறந்து தானே வளரட்டும், அதுவரை எங்கள் கூடையில் மீன் குறைந்தாலும் குற்றமில்லை என்றனர். சில ஆண்டுகளுக்குள் மிச்சிகன் அரசு அவர்கள் வழிக்கு வந்தது. கொட்டிப் பிடிக்கும் முறையை விடுத்து, ஆற்றையும் அதில் தாமே பிறந்த மீன்களையும் பேணும் முறையை மேற்கொண்டது.

அன்பர்களே! இலவசமாக வருவதை வேண்டாமென்று பெறுவோரே கூறிய இச்செய்தியில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. கொடை எப்போது உதவியாகும்? எப்போது கேடாகும்? அதனை ஆராயுமுன், அந்த 16 பேர் கண்ட உண்மை யாதென அறிதல் வேண்டும்.

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். பழுப்பு டிரவுட் இனத்தின் பெண்மீன் இலையுதிர் காலத்தில் ஆற்றடிக் கூழாங்கற்களைத் தன் வாலால் அடித்தடித்துக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். பனிக்காலம் முழுதும் அம்முட்டைகள் கற்களுக்கிடையே கிடக்கும். இடுக்குகளின் வழியே ஓடும் நீரே அவற்றுக்கு மூச்சுக் காற்றை ஊட்டும் தாய். அவ்விடுக்குகளில் மணல் புகுந்து அடைத்துவிடின், முட்டைகள் மூச்சுமுட்டி மடியும். மேலே எத்தனை மீன் நீந்தினும் கீழே ஒன்றும் பிறவாது. ஓசாபிள் என்னும் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் மணலைக் குறிக்கும் பொருளுண்டு. இயல்பாகவே மணற்பாங்கான நிலத்தில், காடழித்ததனால் சரிந்த மணலும் சேர்ந்தபோது, அவ்வாற்றின் கருப்பையே அடைபட்டது எனலாம்.

இந்நிலையில் லாரி மீன் என்ன செய்தது? ஆற்றின் நோயை மறைத்தது. மீன் கிடைத்துக்கொண்டிருக்கும் வரையில் மணலைப் பற்றிக் கேட்பார் இல்லை. கரையில் மரம் நடுவார் இல்லை. நீரின் சூட்டை அளப்பார் இல்லை. வெறுங்கூடையோடு வீடு திரும்பியிருந்தால் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, நிறைந்த கூடை பல்லாண்டுகள் தள்ளிப்போட்டது.

அம்மட்டோ! வந்த மீன் இருந்த மீனுக்கும் இடையூறாயிற்று. பண்ணைத் தொட்டியில் வளரும் மீன் பிறந்தது முதல் மனிதன் கையையே வானமாகக் கொண்டது. கரையில் ஆளின் நிழல் விழுந்தால் ஆற்றில் பிறந்த மீன் பாய்ந்து ஒளியும்; பண்ணை மீனோ தீனி வந்ததென்று வாயைத் திறந்து மேலே வரும். ஓட்டத்தில் எங்கு நின்றால் குறைந்த உழைப்பில் இரை கிட்டும் என்பதை அஃது அறியாது. கூட்டத்தில் முட்டி மோதி உண்ட பழக்கத்தால், தத்தமக்குரிய இடங்களில் அமைந்து வாழும் மீன்களை இடித்துத் தள்ளும். இருதிறமும் வலியிழக்கும். பிறகு பண்ணை மீனும் நெடுநாள் நில்லாது. பருவம் முடிவதற்குள் பெரும்பாலானவை தூண்டிலிலோ பசியிலோ மாளும்.

இஃது ஊகமன்று. மொன்டானா என்னும் மற்றொரு மாநிலத்தில் டிக் வின்சென்ட் என்ற உயிரியல் அறிஞர் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் இதனை ஆற்றிலேயே சோதித்தார். மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார். அங்கே தாமே பிறந்த மீன்கள் பெருகின. ஓடெல் என்ற சிற்றாற்றில் அதுவரை விடாதிருந்த பண்ணை மீனை விட்டுப் பார்த்தார். அங்கே தாமே பிறந்த மீன்கள் குறைந்தன. விடுவதால் பெருகும் என்று உலகம் நம்பியிருந்ததற்கு முற்றிலும் முரணான முடிவு. தூண்டிற்காரரும் வணிகரும் சினந்தனர். எனினும் 1974-இல் அம்மாநிலம், டிரவுட் தானே பெருகி வாழக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை அடியோடு நிறுத்திற்று. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் தூண்டிற்காரர் அவ்வாறுகளை நாடிச் செல்கின்றனர்.

கொடையோடு நோயும் வந்த கதையும் உண்டு. டிரவுட் குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்று, அவற்றைத் தம் வாலையே துரத்துமாறு சுழலச் செய்யும் ஓர் ஒட்டுண்ணி ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா புகுந்தது. நோயுற்ற பண்ணை மீன்களை ஊரூராகக் கொண்டு சென்று விட்டதனாலும் அது பரவிற்று. 1994-இல் மேடிசன் ஆற்றிலும் அது காணப்பட்டபோது, அங்கே சில பகுதிகளில் வானவில் டிரவுட்டின் தொகை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்திருந்தது. நன்மை செய்யும் எண்ணம் மட்டும் நன்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் கேள்விக்கு வருவோம். நம் தமிழர் கொடையைப் போற்றுவதில் எவர்க்கும் பிற்பட்டவரல்லர். கோயில் விழாவில் அன்னதானம், மண்டபத்தில் கொடையாளர் பெயர் பொறித்த கல், பொங்கலுக்கு வேட்டி சேலை என்று கொடுத்தலையே அறத்தின் முழு உருவமாக நாம் கருதிவிட்டோம். ஆயின் வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றாரில்லை. இரவச்சம் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கொடுத்தலைப் போற்றிய அறிஞரே, கையேந்தி வாழ்வதை அஞ்சத்தக்கதென ஒரு தலைப்பாக எழுதியிருப்பதன் கருத்து யாது? கொடுக்கும் கை உயர்ந்தது என்பது மட்டும் அறமாயின், அக்கை உயர்ந்தே இருப்பதற்காக ஏந்தும் கையொன்று என்றும் கீழே இருந்தாக வேண்டுமே! ஏந்தும் கை இல்லாத நாளை விரும்பாத கொடை, கொடையாளரின் அணிகலனேயன்றி ஏழையின் உரிமையன்று.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. தோட்டமொன்றில் கிராணியாக இருப்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் தோட்டத்துக்கு அன்பளிப்புப் பொட்டலங்கள் வந்தன. அரிசி, சமையலெண்ணெய், சீனி, மாவு. எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை எழுதியவன் நான். வரிசையில் நிறுத்தியவனும் நான். படம் எடுத்து முடிந்ததும் ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதியவனும் நானே. ஒரு பிழையும் இல்லாத கடிதம் என்று என்னைப் பாராட்டினார்கள்.

களையெடுப்பு வேலையிலேயே முதுமையடைந்து ஓய்ந்த பாட்டி ஒருவர், பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசையருகே வந்தார். "கிராணி ஐயா, அரிசி குடுத்தாங்க, நல்லா இருக்கட்டும். இதைக் கழுவ நல்ல தண்ணி எப்ப வரும்?" என்றார்.

மழை பெய்தால் எங்கள் குடியிருப்புக் குழாயில் செந்நீர் வரும். அதைப் பற்றி மக்கள் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஆக்கி மேலிடத்துக்கு அனுப்புமாறு என்னிடம் கொடுத்திருந்த விண்ணப்பம் அப்போது நான்கு மாதங்களாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அனுப்பினால் யார் முகம் சுளிக்குமோ என்ற அச்சம் எனக்கு. நன்றிக் கடிதம் எழுத ஒரு மணி நேரம் போதியிருந்தது. விண்ணப்பத்தை எழுத நான்கு மாதம் போதவில்லை. அப்பாட்டியாருக்கு நான் மறுமொழி சொன்னேனில்லை. ஓசாபிள் ஆற்றில் லாரி மீன் செய்த வேலையை அப்பொட்டலங்கள் எங்கள் தோட்டத்தில் செய்துவிட்டன என்பதையும், அந்த லாரியை ஓட்டியவருள் நானும் ஒருவன் என்பதையும் அன்றிரவு உணர்ந்தேன்.

இங்குச் சிலர் தடை நிகழ்த்தலாம். 'பசித்தவனிடம் ஆற்றைச் சீர்செய்யும் தத்துவம் பேசுவதா? இன்றைய சோற்றுக்கு வழி என்ன?' என்பர். இத்தடை நேர்மையானது. பசித்தவனுக்குச் சோறிடுவதே முதல் அறம். அதில் இரண்டாவது கருத்து இருத்தற்கில்லை. வெள்ளத்தில் வீடிழந்தவனிடமும், தலைவனை இழந்த குடும்பத்திடமும் நாம் கொண்டு செல்ல வேண்டியது அரிசியே, அறிவுரையன்று. நான் கூறுவது ஒன்றே. அவசரத்துக்குக் கொடுப்பது ஆண்டுக்கொருமுறை வழக்கமாகி, வழக்கமே விழாவாகி, விழாவே கேள்விகளை விழுங்கும் நிலை வரும்போது, அக்கொடை பசிக்குக் காவலாகிவிடுகின்றது. முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடும் மருத்துவன் அக்கட்டை அவிழ்க்கும் நாளையும் குறிக்கின்றான். நாள் குறியாத கொடையை ஐயுறுதல் தகும்.

கொடையே தீதென்று நான் கூறுவதாகவும் கொள்ளற்க. ஓசாபிள் ஆற்றிலேயே வேறு விதமான கொடைக்கும் ஒரு சான்று உண்டு. ஜார்ஜ் மேசன் என்பவர் மோட்டார் வண்டித் தொழிலில் தலைவராய் விளங்கிய செல்வர், கிரிஃபித்தின் நண்பர், இத்தகைய சங்கம் ஒன்று வேண்டுமென்ற எண்ணத்தை முன்னரே அவரோடு பேசியவர். 1954-இல் அவர் இறந்தபோது, அவ்வாற்றின் தென்கிளைக் கரையில் தமக்கிருந்த ஏறத்தாழ 1,500 ஏக்கர் நிலத்தை மாநிலத்துக்கு விட்டுச் சென்றார். அதனை விற்றலாகாது, இயற்கையாகவே பேணுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் விரும்பியிருந்தால் அப்பொருளுக்கு எத்தனை லாரி மீன் வாங்கிக் கொட்டியிருக்கலாம்! ஒவ்வொரு லாரியிலும் தம் பெயரும் எழுதியிருக்கலாம். அவர் கரையைக் கொடுத்தார். கரை நிழலைக் கொடுத்தது. நிழல் குளிர்ச்சியைக் கொடுத்தது. அங்கே பிறக்கும் மீன் எதுவும் எவர்க்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டுவதில்லை.

மற்றொரு தடையும் உண்டு. 'தூண்டிற்காரர் ஆற்றைக் காப்பது மீன் மேலுள்ள அன்பினாலா? பிடிக்கும் இன்பம் தமக்கு நீடிக்க வேண்டுமென்ற தன்னலத்தால் அன்றோ?' என்பர். உண்மைதான். இறகாலும் நூலாலும் கட்டிய பொய்யீயைக் காட்டி ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றி இன்புறுவதை அகிம்சை என்று நான் வாதிட வரவில்லை. பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விட்டுவிடுவதனால் மட்டும் அக்குறை முழுதும் நீங்கிவிடாது. ஆயினும் அவர்களிடத்தில் நாம் கற்கத்தக்க ஒன்றுளது. அவர்கள் பிறரைத் திருத்தப் புறப்படுமுன் தங்கள் கையைச் சுருக்கினர். குறைவாகப் பிடிப்போம் என்றனர். பல இடங்களில் பிடித்ததை உயிரோடு விடுவோம் என்றனர். கரையில் மரம் நட்டனர். மாடுகள் கரையை மிதித்து இடிக்காமல் வேலி கட்டினர். நீரின் வெம்மையை அளந்து எழுதி வைத்தனர். இன்று நடும் மரத்தின் நிழல் தம் காலத்தில் முழுதும் விழாது என்பதை அறிந்தே நட்டனர். தன்னலம் தான் காணாத தலைமுறை வரை நீளுமாயின், அதனை நாம் வேறு பெயரால் அழைக்கலாம்.

'டிரவுட் அந்த ஆற்றுக்கே அயல் மீன்தானே. அதற்கு ஏன் இத்தனை உரிமை?' என்று கேட்போரும் உளர். இக்கேள்வி நம் செவியில் சற்றுக் கூர்மையாகவே விழும். பழுப்பு டிரவுட் கப்பலேறி வந்தது மெய். பிறர் கொண்டுவந்து விட்டதால் வந்ததே யன்றித் தானாக வந்ததன்று என்பதும் மெய். ஆனால் இன்று அவ்வாற்றில் நீந்தும் மீன் ஜெர்மனியைக் கண்டதில்லை. அதன் பாட்டனின் பாட்டனும் கண்டதில்லை. அக்கூழாங்கற்களுக்கிடையே பிறந்து, அவ்வெள்ளத்தை எதிர்த்து நின்று, தன் இரையைத் தானே தேடி உண்டு வளர்ந்தது அது. லாரியில் நேற்று வந்த பண்ணை மீனும் அதுவும் வடிவில் ஒன்றாயிருக்கலாம், வாழ்வில் ஒன்றல்ல. ஒன்றுக்கு அவ்வாறு தங்குமிடம்; மற்றொன்றுக்குத் தாயகம். தாயகத்தைத் தருவது சொந்த முயற்சியால் வேரூன்றிய வாழ்வு என்று நான் கருதுகிறேன். எனினும், வந்த மீன் வேரூன்றிய ஆற்றில் முன்னிருந்த மீன் அழிந்த கதையும் உண்டென்பதை அவ்வூரின் பெயரே நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. அந்நினைவும் நமக்கு வேண்டும்.

அந்தக் கிரேலிங்கை மீட்கவும் இன்று முயற்சி நடைபெறுகின்றது. 2016-இல் மிச்சிகன் அரசின் இயற்கைவளத் துறையும், அம்மண்ணின் பழங்குடியினராகிய ஒட்டாவா மக்களின் ஒரு பிரிவினரும் கைகோத்து அதனைத் தொடங்கினர். அலாஸ்காவில் இன்றும் வாழும் கிரேலிங் இனத்தின் முட்டைகளே அதற்கு விதை. இங்கே நாம் நோக்க வேண்டியது அவர்கள் மேற்கொண்ட வரிசை முறையை. முட்டையை எடுத்தவுடன் ஓடிச்சென்று ஆற்றிற் கொட்டினாரில்லை. எந்த ஆற்றில் நீர் போதிய குளிர்ச்சியுடையது, எங்கே கூழாங்கல் தூய்மையாயுள்ளது, எங்கே பிற மீன்களின் நெருக்கடி குறைவு என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். ஆற்றைக் கேட்டபின் மீனை நினைத்தனர். கொண்டு வந்து விடுதலும் சில வேளை வேண்டற்பாலதே. ஆனால் அது தொடக்கமாக இருத்தல் வேண்டும், தொடர்கதையாக இருத்தலாகாது.

ஆகவே, கொடையை எடைபோட நான் இரண்டு கேள்விகளைக் கைக்கொண்டுள்ளேன். இக்கொடையால், அடுத்த ஆண்டு இதே கொடை வேண்டாதிருக்கும் நிலை சிறிதேனும் நெருங்குகின்றதா? இக்கொடையைக் கொடுத்ததால், நாம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி அடங்கிப்போகின்றதா? முதற் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வருமாயின், அது மேசன் கொடுத்த கரை போன்றது, வாழ்த்தி ஏற்போம். மாறி வருமாயின், அது பாலத்தடியில் கொட்டிய மீன். கொடுப்பவர் எத்துணை நல்லவராயினும் அதனை நாம் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

நம் சங்கங்களும் இக்கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்குப் பையும் புத்தகமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்; நன்று. அப்பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்க விளக்கும் மேசையும் உள்ள ஓர் அறை உண்டா என்று பார்த்தோமா? ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாத அரிசி கொடுக்கிறோம், நன்று. அக்குடும்பத் தலைவியிடம் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் முறையாக உள்ளனவா, இல்லையேல் அலுவலகத்துக்கு உடன் செல்வார் யார் என்று கேட்டோமா? இத்தகைய வேலைக்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. கூழாங்கல்லிடையே ஓடும் நீரை எவரும் படம் எடுப்பதில்லை. ஆனால் உயிர் அங்கேதான் பிறக்கின்றது.

அன்று நான் இழுப்பறையைத் திறந்து அவ்விண்ணப்பத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஆக்க ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை. மறுநாட் காலையில் மக்கள் கையொப்பமிட்டனர். எழுதியவன் நான் என்று அடியில் என் பெயரையும் எழுதி அனுப்பினேன். பின்னர் இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினோம். அதிகாரி ஒருவர் வந்து தொட்டியைப் பார்த்துச் சென்றார். குழாய் இன்னும் மாறவில்லை. மழை பெய்தால் இன்றும் செந்நீரே வருகின்றது. ஆனால் அப்பாட்டியார் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்விக்கு இப்போது நான் தலைகுனிவதில்லை. "இன்னும் வரல, பாட்டி. இந்த மாசமும் எழுதியிருக்கோம்" என்கிறேன்.